மேடாகத் தெரிந்த பள்ளம்

அருள்ஜோதி எட்டாம் வகுப்போடு நின்றவள். நீடாமங்கலத்திலிருந்து தினமும் ரயிலேறி, தஞ்சாவூரில் ஓர் அச்சகத்துக்குத் தாள் மடிக்க வருகிறாள். ஆறு வருடமாகிறது. மடிக்கிற தாளையெல்லாம் படித்துவிடுவாள், யாரிடமும் பேசமாட்டாள். “அந்தப் பொண்ணு வாய்க்குச் சாவி தொலைஞ்சுபோச்சு” என்று மெஷின்காரர் துரைராசு கிண்டல் செய்வார்.

அன்று பிள்ளைகளுக்கான வானியல் புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது. மடிப்பு சரியா என்று பார்க்க முதல் தாளை எடுத்தாள். அச்சுத் தாளில் பாதிப் பக்கங்கள் தலைகீழாகத்தான் இருக்கும், மடித்தால்தான் நேராகும். அப்படி ஒரு பக்கத்தில், சனிக் கோளைச் சுற்றும் மிமாஸ் என்ற பனி நிலவு. எப்போதோ பெரிய கல் ஒன்று மோதி உண்டான வட்டப் பள்ளம், அதன் நடுவே ஒரு குன்று. தாளை மடித்து நிமிர்த்தினாள். நிழல் விழும் பக்கம் மாறியதில் பள்ளம் மேடாகிவிட்டது; குன்று குழியாகிவிட்டது. திருப்பினாள், பள்ளம். நிமிர்த்தினாள், மேடு. ‘சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர் அகலப் பள்ளம்’ என்றது கீழே எழுத்து. படத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள்.

கணினியில் பக்கம் அமைத்தவள் தங்கமணி. இங்கே இவளைச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

“அக்கா, இந்தப் படம்...”

“உருண்டைதானேடி, எப்படி வச்சா என்ன? இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு தப்பு. முதலாளிக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. போ, போய் மடி.”

அருள்ஜோதி திரும்பி வந்தாள். அச்சான தாள் அடுக்கு இரண்டு விரல் கனம் ஏறியிருந்தது. சாப்பிடப் போன முதலாளி வரும் நேரம். மொத்தம் மூவாயிரம் பிரதி; மூவாயிரம் பிள்ளைகள் மேட்டைப் பார்த்துப் பள்ளம் என்று படிப்பார்கள். தங்கமணியைப் பார்த்தாள், அவள் திரையைவிட்டுத் திரும்பவில்லை.

“நிறுத்துங்கண்ணே!”

மெஷின் நின்றது. துரைராசு வெளிறிப்போய் ஓடிவந்தார். “கை மாட்டிக்கிச்சா?”

“இல்லண்ணே. இதைப் பாருங்க.”

“அடிப்பாவி, உயிரே போயிடுச்சு!” திட்டிக்கொண்டே தாளைத் திருப்பியவர் அடங்கிப்போனார்.

வாசலில் பைக் நின்றது. உள்ளே வந்த முதலாளி, “ஏன் நிக்குது?” என்றார். துரைராசு வாயெடுப்பதற்குள் தங்கமணி எழுந்தாள்.

“படத்தைத் தலைகீழா வச்சுட்டேங்க. எரநூறு தாள் வீணு. இவதான் கண்டுபிடிச்சா.”

முதலாளி தாளை இரண்டு மூன்று முறை திருப்பிப் பார்த்தார். தங்கமணியின் விரல்கள் முந்தானையை முறுக்கின.

“மத்த படமெல்லாம் யார் பாத்தது?”

முதலாளி அருள்ஜோதி பக்கம் திரும்பினார்.

“இவ பாக்காம இனிமே எதுவும் மெஷின் ஏறக்கூடாது. அச்சு பிளேட்டை மாத்துங்க.”

தங்கமணி உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளினாள். “மிச்சப் படத்தையும் வந்து பாத்துத் தொலை.”

அருள்ஜோதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.