எழுபத்திரண்டு

லிஃப்ட் நாலாம் மாடியிலிருந்து தரைக்கு வருவதற்குள் பக்கத்து வீட்டு அத்தையின் மணிக்கட்டைப் பிடித்து நாடித்துடிப்பை எண்ணி முடித்துவிடுகிறாள் அவள்.

"எழுபத்திரண்டு. அருமை அத்தை!"

"நேத்து மூச்சிரைக்கப் படியேறி வந்தப்பவும் இதைத்தானேடி சொன்னே?"

பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி அறிவியல், இரண்டாம் ஆண்டு. கட்டடத்தில் அவளுக்குப் பெயர் 'பல்ஸ்'. கீழே விழுந்த சாவியைக்கூட அவள் எதிரில் யாரும் நிம்மதியாக எடுக்க முடியாது. "முதுகை வளைக்காதீங்க, முழங்காலை மடக்குங்க!" என்று கத்துவாள். சாவிக்காரர் பாதிக் குனிந்தபடி சிலையாகிவிடுவார். அவள் பல் தேய்ப்பதுகூட ஒற்றைக் காலில்தான்.

அம்மா போனபிறகு அப்பா நாற்காலியை விட்டு எழுந்தது சாப்பிடவும் தூங்கவும் மட்டும். அப்போதுதான் வகுப்பில், ஐம்பது தாண்டிய ஒருவரை ஆறு வாரம் படி உயரப் பலகையில் ஏறி இறங்க வைத்து, நாடித்துடிப்பைக் குறித்து வரச் சொன்னார்கள். செமஸ்டரில் பாதி மதிப்பெண் அதற்கு. அப்பாவைப் பிடித்து இழுத்தாள். முதல் நாள் மூன்று நிமிடத்தில் பனியன் தொப்பலாகிவிட்டது. வாயைத் திறந்தபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். துடிப்பு எழுபத்திரண்டு.

"அப்பா, உங்களுக்குக் குதிரை இதயம்ப்பா!"

அன்று மாலையே குதிரை நடக்கக் கிளம்பியது. அப்புறம் ஒரு நாளும் நிற்கவில்லை. மருந்துக்கடையில்கூட "எழுபத்திரண்டு" என்று சொல்லிவிட்டுத்தான் மாத்திரை கேட்பார்.

ஆறாவது வாரம் பேராசிரியை அட்டவணையைப் பார்த்தார். எல்லா நாளும் எழுபத்திரண்டு. "ஏம்மா, பலகையில ஏறினது உங்கப்பாவா, நாற்காலியா? எங்கே, எப்படிப் பார்த்தேன்னு என் கையில காட்டு."

காட்டினாள். பேராசிரியை தலையில் அடித்துக்கொண்டார். கட்டைவிரலை வைத்திருந்தாள். கட்டைவிரலுக்குச் சொந்தமாகவே துடிப்பு உண்டு. இத்தனை நாளும் எண்ணியது தன்னுடையதை. முதலாண்டு முதல் வாரப் பாடம் அது. அந்த வாரம் அவள் வகுப்பில் இல்லை, அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

"திங்கட்கிழமைக்குள்ள ஒரு தடவையாவது ஒழுங்கா எடுத்துட்டு வா. செஞ்ச தப்பையும் எழுது. இல்லேன்னா ஃபெயில்தான்."

ஃபெயில்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. விஷயம் தெரிந்தால் அப்பா மறுபடி நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவாரே! வாசற்கதவுக்கு வெளியே ஒற்றைக் காலில் நின்று யோசித்தாள். காலை மாற்றி நின்றும் யோசித்தாள்.

அப்பா நடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு ஷூவை மாட்டியபடி எல்லாவற்றையும் கேட்டார். இன்னொரு ஷூ கையிலேயே இருந்தது.

"அப்ப, இத்தனை நாளா நான் ஊரெல்லாம் பீத்திக்கிட்டது உன் பல்ஸையா?"

"ஆமாப்பா."

"குதிரை நீதானா?"

"...ஆமாப்பா."

நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த ஷூவையும் மாட்டிக்கொண்டு பலகையில் ஏறினார். மூன்று நிமிடம். இறங்கி, இரைக்க இரைக்கக் கையை நீட்டினார். விரல் படுவதற்குள் அவள் கையைப் பிடித்து, அவள் கட்டைவிரலை மட்டும் உள்ளங்கைக்குள் மடக்கிவிட்டார்.