மார்த்தாள் அடுப்பை அணைத்த ஞாயிறு

நகுலன் பிரசங்கம் தயாரிக்கும் வாரத்தில் மனைவி நிரஞ்சனிக்குச் சாப்பாட்டு மேசை கிடையாது. திங்கட்கிழமையே அவர் வேதாகமத்தையும் மூன்று விளக்கவுரைகளையும் அதில் பரப்பிவிடுவார். சனிக்கிழமைவரை அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான். ஓரமாய்த் தண்ணீர்க் கோப்பையை வைத்தாலும், "பார்த்து, பார்த்து" என்று பதறுவார்.

இருவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். அவர் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். அவள் முப்பத்தொரு வருடம் மருத்துவமனையில் மருந்தாளராக நின்றே கால் வீங்கியவள். புக்கிட் பெருவாங்கில் வீடு, பத்து நிமிட தூரத்தில் சபை. மாதம் ஒருமுறை அன்றாட வாழ்க்கைக்கான வேதபாடம் ஒன்றைப் பேசச் சொல்லிப் போதகர் நகுலனைக் கேட்டாலும் கேட்டார், வீட்டில் நிம்மதி போயிற்று.

முதல் மாதம் நாவடக்கம். அழகாகத்தான் பேசினார். வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு லாரிக்காரன் குறுக்கே நுழைந்தான். நகுலன் கண்ணாடியை இறக்கிச் சொன்ன வார்த்தைகளை நிரஞ்சனி அதற்குமுன் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை.

"இப்பதானே நாக்கைப் பத்திப் பேசிட்டு வந்தீங்க?"

"அவன் நம்ம சபை இல்லையே" என்றார்.

அடுத்த மாதம் உபசரிப்பு. பேச்சின் வேகத்தில், இன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று மேடையிலிருந்தே அழைத்துவிட்டார். பதினான்கு பேர் வந்தார்கள். வீட்டில் அரைப் பாக்கெட் பிஸ்கட் இருந்தது. "கர்த்தர் பார்த்துக்குவார், நிரா" என்று சொல்லிவிட்டு அவர் விருந்தாளிகளோடு உட்கார்ந்துகொண்டார். நிரஞ்சனி ஏழு மணிவரை வடை சுட்டாள்.

மூன்றாம் மாதம் என்ன தலைப்பு என்று கேட்டபோது குறிப்பைக் கையால் மூடினார்.

"ஞாயித்துக்கிழமை வந்து கேளு."

"எங்க வந்து கேக்கிறது? நான் சமையல்கட்டுலல்ல இருப்பேன்."

அது மாதத்தின் முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. எண்பது பேருக்கு அதைச் சமைப்பது பத்தொன்பது வருடமாக நிரஞ்சனியின் பொறுப்பு. யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கூட மீனம்மா மட்டும் இருப்பாள். சுங்கை ரம்பாயிலிருந்து ஒரு பழைய காரை ஓட்டிக்கொண்டு ஆறரைக்கெல்லாம் வந்து வெங்காயம் உரிக்க உட்காருவாள். சமைப்பவர்கள் வசனத்தை இழந்துவிடக்கூடாதென்று சமையல்கட்டுச் சுவரில் ஒரு ஸ்பீக்கர் மாட்டியிருந்தார்கள்.

அதில் நகுலனின் குரல் வந்தது. மார்த்தாள், மரியாள் கதை. ஆண்டவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். தங்கை அவர் காலடியில் உட்கார்ந்து கேட்கிறாள். அக்கா வேலை வேலை என்று அலைந்துவிட்டு முறையிடுகிறாள். தங்கைதான் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள், அது அவளைவிட்டு எடுபடாது என்கிறார் ஆண்டவர். நிரஞ்சனி கோழிக்கறியைக் கிளறியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்ம வீட்டுலயும் ஒரு மார்த்தாள் இருக்காங்க" என்றது ஸ்பீக்கர். "கர்த்தரே நேர்ல வந்தாலும், 'கொஞ்சம் நில்லுங்க, இப்பதான் தரையை மாப் போட்டேன்'னு சொல்லுவாங்க."

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. சுவரிலும் வெடித்தது.

நிரஞ்சனி கரண்டியை வைத்தாள். கறி அடுப்பை அணைத்தாள். பருப்பு அடுப்பையும் அணைத்தாள். கையைக் கழுவினாள்.

"அக்கா, தேங்காய்ப்பால் இன்னும் ஊத்தலியே" என்றாள் மீனம்மா.

"இருக்கட்டும். நான் மரியாளா இருக்கப் போறேன்."

ஏப்ரனோடு நடுப்பாதையில் நடந்து முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். நகுலன் பார்த்தார். பார்த்த இடத்திலேயே குறிப்பில் வரி தவறிப்போனது. ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை படித்தார். இருபது நிமிடத்துக்கு எழுதி வந்ததை எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, "ஜெபிப்போம்" என்றார்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் சபைச் செயலாளர் குலம் தயங்கித் தயங்கி வந்தார்.

"அக்கா, சாப்பாடு..?"

"நான் நல்ல பங்கைத் தெரிஞ்சுக்கிட்டேன், தம்பி. அது என்னைவிட்டு எடுபடாது."

"எம்பது பேருக்கு இப்ப எந்தக் கடைல சாப்பாடு தப்பாவ் பண்ணி வாங்கிட்டு வர்றது லா?" என்று குலம் தலையில் கைவைத்தார். பிறகு நகுலனையும் இழுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினார்.

நிரஞ்சனி உட்கார்ந்தே இருந்தாள். சுகமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. சமையல்கட்டில் ஒரு மூடி விழுந்து உருண்டது. உப்பு போட்டாயா என்று ஒரு குரல், போட்டாச்சு என்று இரண்டு குரல். மடியிலிருந்த கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தன. பசியில் பிள்ளைகள் சிணுங்க, ஒரு தாய் அவள் காதில் விழும்படியே, "புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நம்ம பிள்ளைங்க பட்டினி" என்றாள். நிரஞ்சனிக்குச் சுருக்கென்றது.

இனித் தாங்காது என்று எழுந்து உள்ளே போனாள். தேங்காய்ப்பால் திரிந்து கறியில் எண்ணெய் தனியாக நின்றது. நகுலன் சட்டையெல்லாம் மஞ்சளாய் நின்றார். அடுப்புக்கு முன்னால் மீனம்மா, காலையில் கட்டிய அதே துண்டோடு, அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் என்கூட வரல?"

"எப்படிக்கா வர்றது? நீங்க கோவிச்சுக்கிட்டு போயிட்டீங்க. நானும் போயிட்டா பருப்பை யாரு பாக்கிறது?" மீனம்மா அப்பளத்தைத் திருப்பினாள். குரலில் கோபம் இல்லை. "நான் சபைல சேர்ந்ததிலருந்து பிரசங்கம் கேக்கிறதே இந்த ஸ்பீக்கர்லதான். பேசுறவங்க மூஞ்சியப் பாத்துக் கேட்டதே இல்ல."

வெங்காயத்தை இன்னும் பொடியாக நறுக்கு, பாத்திரத்தை ஊறப் போடு என்று நிரஞ்சனி இத்தனை வருடம் அவளிடம் சொல்லியிருக்கிறாள். ஒருநாளாவது, போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வா என்று சொன்னதுண்டா? நகுலன் தன்னிடம் காட்டிய அலட்சியத்தையே தான் இவளிடம் காட்டியிருக்கிறோம் என்று நினைக்க, எரிச்சல் இரட்டிப்பானது. இந்தத் தடவை யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "தள்ளு" என்று ஜல்லிக்கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

இரண்டு மணிக்குச் சாப்பிட்டார்கள். உப்பு கரித்தது. தண்ணீர் இரண்டு முறை தீர்ந்தது.

காரில் நகுலன் ஆரம்பித்தார். "சும்மா தமாஷுக்குச் சொன்னேன், நிரா."

"மார்த்தாள் மரியாளோட தம்பி செத்தப்ப ஆண்டவரைப் பாக்க முதல்ல எழுந்து ஓடினது யாரு? மார்த்தாள். நீரே கிறிஸ்துன்னு அறிக்கை பண்ணினது யாரு? அவதான். மரியாள் அப்ப வீட்டுல உக்காந்திருந்தா. அதைச் சொன்னீங்களா?"

"அது யோவான் சுவிசேஷம். நான் எடுத்தது லூக்கா."

"லூக்காவுல ஒரு மார்த்தாள், யோவான்ல வேற மார்த்தாளா?"

நகுலன் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினார். பச்சை விழுமுன், "மன்னிச்சுக்கோ. சபைக்கு முன்னால சொல்லியிருக்கக்கூடாது" என்றார்.

அந்த வாரமே நிரஞ்சனி போதகரிடம் போனாள். முறை வைத்துச் சமைக்க வேண்டும், ஆராதனை முடிந்த பிறகுதான் அடுப்பு பற்ற வேண்டும், சாப்பாடு தாமதமானால் ஆகட்டும் என்றாள். போதகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். முதல் முறை ஆண்களுக்கு. நகுலன் வடித்த சோறு கஞ்சிக்கும் களிக்கும் நடுவில் இருந்தது. "பரவாயில்ல, அண்ணே" என்று எல்லோரும் சொல்ல, அவர் உண்மையிலேயே நன்றாக வந்துவிட்டதாக நம்பிவிட்டார். அதைப்பற்றி இன்றுவரை பேசுகிறார்.

அன்று மீனம்மா நல்ல சேலை உடுத்தி, நிரஞ்சனி பக்கத்தில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். போதகர் பேசத் தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில் தூங்கிப்போனாள், மெல்லிய குறட்டைவேறு. இதற்கா இத்தனை பாடுபட்டோம் என்று நிரஞ்சனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுப்பக் கையைத் தூக்கினாள். பிறகு, தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.