அப்பாலுக்கு இங்கிலீஷில் என்ன?

என் நண்பர் ஏகாம்பரத்துக்கு ஒரு கண்டம் — இங்கிலீஷ் கட்டுரை! சர்க்கார் ஆபீஸில் கிளார்க். பதவி உயர்வுப் பரீட்சையில் அந்தக் கட்டுரையால் இரண்டு தடவை கோட்டை விட்டவர். இந்தத் தடவையும் போனால், நேற்றுச் சேர்ந்த சின்னப் பையன் இவருக்கு ஹெட்கிளார்க்காகிவிடுவான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செவிலிமேட்டிலிருந்து வந்தார். எங்கள் தெருவில் தறிக்குப் பாவு நூல் நீளமாக விரித்திருந்ததால் சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் 'மறக்க முடியாத நாள்' என்று ஒரு கட்டுரை. பரீட்சையில் அடிக்கடி வருகிற தலைப்பு.

படித்தேன். தலை சுற்றியது. எல்லாப் பத்தியும் 'பியாண்ட்' என்றே தொடங்கியது. பியாண்ட், டாக்டர் வந்தார்... பியாண்ட், ஊசி போட்டார்...

"இன்னாபா பாக்கற? அப்பாலுக்கு இங்கிலீஷ் அதானே?" என்றார்.

'பிறகு' என்பதற்கு நம் ஊரில் 'அப்பால'தான்; அது இல்லாமல் யாராவது ஒரு சங்கதி சொல்லியிருக்கிறோமா? டிக்ஷனரியைப் பார்த்து எழுதியவர் மேல் என்ன தப்பு? சிரிப்பை அடக்கிக்கொண்டு ஹவெவர், தேர்ஃபோர், நெவர்த்லெஸ் எல்லாவற்றுக்கும் அர்த்தம் சொன்னேன். மளமளவென்று மாற்றிக்கொண்டே வந்தவர், கடைசிப் பத்தியில் நின்றுவிட்டார்.

அதற்கு முந்தின பத்தியில் அவர் மனைவி இறந்துபோகிறார். கடைசிப் பத்தியில் இவர் லீவு முடிந்து ஆபீஸுக்குப் போகிறார்.

நடுவில் 'நெவர்த்லெஸ்' போடச் சொன்னேன். 'இருந்தாலும்' என்றுதானே அர்த்தம் — பொருத்தமாயிற்றே! என் சாமர்த்தியம் அப்படி.

"இருந்தாலும்னா... அவ போனா போறான்ற மாதிரி இருக்குதுபா."

தேர்ஃபோர்? அவள் போனாள், அதனால் ஆபீஸ் போனேன் என்றாகிவிடும். ஹவெவர்? உதட்டைப் பிதுக்கினார். என் கைச்சரக்கு அத்தனையும் தீர்ந்துபோனது.

"ஒண்ணும் போடாம உட்டுட்டா மார்க் கொறைப்பாங்களா?"

குறைக்கத்தான் குறைப்பார்கள். பத்திக்குப் பத்தி இணைப்பு வேண்டுமே! சொல்லவும் சொன்னேன். அவரோ பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, அந்த இடம் சும்மாவே இருக்கட்டும் என்று கிளம்பிவிட்டார்.

பரீட்சையிலும் அதே தலைப்புதான் வந்தது. அதே மாதிரிதான் எழுதினாராம். இந்த மனிதர் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஒரே கவலை.

நேற்று ரிசல்ட் வந்தது. ஏகாம்பரம் பாஸ்!

திருத்தியவர் யாரோ, எந்த ஊரோ... அவரும் ஒருநாள் அப்படி லீவு முடிந்து ஆபீஸுக்குப் போனவராகத்தான் இருக்க வேண்டும்.