ஆட்டோவில் அப்பாவின் குரல்

கோவில்பதாகையில் எங்கள் தெருவுக்குள் இன்று தேர்தல் ஆட்டோ நுழைந்தது. ஒலிபெருக்கியின் கரகரப்பைக் கேட்டதும் நான் மறுபடி ஒன்பது வயதுப் பெண்ணானேன்.

அப்போது தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு, அம்மா கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நின்றாள். ஆட்டோவில் மைக் பிடித்து ஓட்டுக் கேட்பது அப்பாவின் தொழில். "அவுங்கதான் மொதல்ல கூப்ட்டாங்க, ஒத்துக்கினேன்" என்று சொல்லிவிட்டு, அம்மாவை எதிர்த்து நின்றவருக்காகக் கத்தினார். நானும் அம்மாவும் வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கப் போனால், அப்பாவின் குரல் எங்களுக்கு முன்பே போயிருக்கும். மதியம் தொண்டை கட்டி வந்தவருக்கு அம்மாதான் மிளகுக் கஷாயம் வைத்தாள்.

அம்மா தோற்ற அன்று அப்பா, "நான் உனுக்குத்தான் போட்டேன்" என்றார்.

"ஊரையே அவனுக்குப் போடச் சொல்லிட்டு, நீ மட்டும் எனுக்குப் போட்டா இன்னாயா?"

இன்று ஆட்டோ நெருங்கியதும் அப்பா தள்ளாடி எழுந்து, அம்மாவின் படம் மாட்டிய அறையின் ஜன்னலைச் சாத்தினார்.