நர்ஸ் இல்லாத நர்ஸ்மேடு

எங்கம்மாவுக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. சோத்தைக்கூட நின்னுகிட்டேதான் சாப்பிடுவா. "கால்ல சக்கரமா கட்டியிருக்கு? உட்காரும்மா"ன்னு கத்திக் கத்தி என் தொண்டைதான் போச்சு. இத்தனைக்கும் எங்க ஊருக்கே பேரு வந்தது அவளாலதான். அந்தப் பேருதான் அவளை உட்கார விடாம விரட்டுது.

ஊருன்னா பெரிய ஊரில்லை. கல்குவாரி வேலைக்கு வந்தவங்க மேட்டுமேல கட்டிக்கிட்ட முப்பது வீடு. பேரு கிடையாது, பஸ்ஸும் நிக்காது. அம்மாவுக்கு டவுன் ஆஸ்பத்திரியில துணி துவைக்கிற வேலை கிடைச்சுது. அங்க குடுத்த வெள்ளைக் கோட்டை வீட்டுலயே மாட்டிக்கிட்டு, முதல் நாள் காலையில ரோட்டோரம் நின்னு கையைக் காட்டினா. எங்களுக்காக ஒருநாளும் நிக்காத பஸ் நின்னுது. "ஏறுங்க நர்சம்மா"ன்னு கண்டக்டர் எழுந்து இடம் வேற குடுத்தார்.

அம்மா இல்லைன்னு சொல்லலை. அழுக்குப் போர்வை துவைக்கிறவன்னு தெரிஞ்சா மறுநாள் பஸ் நிக்குமா? பக்கத்து வீட்டு அக்காவும், "வாயை மூடிக்கிட்டு இரு, உன் புண்ணியத்துல நாங்களும் ஏறிக்கிறோம்"னு சொல்லிட்டா. நர்ஸ் ஏறுற மேடு, நர்ஸ்மேடு ஆயிடுச்சு. முதல்ல டிக்கெட்டுல வந்துது. அப்புறம் ஓட்டர் லிஸ்ட்டுல வந்துது. கடைசியில ரோட்டோரம் போர்டே நட்டுட்டாங்க. அம்மாவைத் தவிர ஊரே சந்தோஷத்துல குதிச்சுது.

போர்டைப் பார்த்தா ஆள் வராம இருக்குமா? காய்ச்சல், வயித்துவலின்னு வெளியூர்க்காரங்க இறங்கி வீடு தேட ஆரம்பிச்சாங்க. அம்மா ஒவ்வொருத்தரா அடுத்த பஸ்ஸுல ஏத்தி அனுப்புவா. விளையாட்டாத்தான் போய்க்கிட்டிருந்துது.

ஒருநாள் மத்தியானம், அம்மாவுக்கு லீவு, ஒருத்தர் மூணு வயசுப் பொண்ணைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல நின்னார். குழந்தைக்கு உடம்பு அனலாக் கொதிக்குது, கழுத்து விறைச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குத்தான் டிக்கெட் எடுத்தாராம். போர்டைப் பார்த்ததும், நர்ஸ் இங்கேயே இருக்காங்களேன்னு பாதியில இறங்கிட்டார். அடுத்த பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம். அம்மா குழந்தையைப் பிடுங்கிக்கிட்டு குவாரிக்கு ஓடினா. ஜல்லி லாரி ஒண்ணு கிளம்புறதுக்கே அரைமணி நேரம் ஆச்சு. நானும் ஏறிக்கிட்டேன். லாரி ஆடின ஆட்டத்துக்கும் அந்தக் குழந்தை அழக்கூட இல்லை.

பிழைச்சுது. ஆனா ரெண்டு காதும் போச்சு. "கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருக்கக் கூடாதா?"ன்னு டாக்டர் சாதாரணமாத்தான் கேட்டார். குழந்தையோட அப்பா எங்கம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். அதுக்குப் பதிலா ரெண்டு அறை விட்டிருக்கலாம்னு அம்மா இன்னிக்கும் சொல்லுவா.

ஊருக்கு அந்தப் பேரை நீக்கணும்னு அம்மா மறுநாளே மனு எழுதினா. ஊர்ல ஒருத்தரும் கையெழுத்துப் போடலை. "பேரு போனா பஸ்ஸும் போகும், உனக்கென்ன பைத்தியமா?"ன்னு அதே அக்கா கேட்டா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. ஆனா அவ சொன்னதுலயும் நியாயம் இருந்துது, அதுதான் இன்னும் எரிச்சல். அம்மா தனியாளா தாலுகா ஆபீசுக்குப் பதினோரு தடவை நடந்தா. "நல்ல பேருதானேம்மா"ன்னு சிரிச்சே அனுப்பி வச்சாங்க.

வேலையிலிருந்து நின்னு நாலு வருஷமாச்சு. இப்போ ஒரு நாளைக்கு ஒன்பது பஸ். ஒன்பதுக்கும் அம்மா போர்டுக்குக் கீழே நிக்கிறா. மழையாவது, வெயிலாவது. தட்டுல பாதிச் சோத்தை வச்சுட்டு ஓடுவா.

நேத்து நானும் கூடப் போனேன். ஒரு பொம்பளை கைக்குழந்தையோட பஸ் படியில காலை வச்சா. அம்மா வழியை மறிச்சுக்கிட்டா. "இறங்காதே. இங்க நர்சும் இல்லை, ஒண்ணும் இல்லை. நேரா ஆஸ்பத்திரிக்குப் போ." அந்தப் பொம்பளை எங்கம்மாவை மேலயும் கீழயும் பார்த்தா. நம்புற மாதிரி தெரியலை. இன்னொரு காலையும் கீழ வைக்கப் போனா.

உள்ளேயிருந்து கண்டக்டர் குரல் குடுத்தார். "அதான் நர்சம்மாவே சொல்றாங்க இல்ல, ஏறி உட்காரும்மா."

அவ உடனே ஏறிட்டா. அம்மா என்னமோ சொல்ல வாயைத் திறந்தா. அப்புறம் மூடிக்கிட்டு, பஸ்ஸைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினா.