நான் அழித்த பூக்கள்

திண்டிவனத்தில் செல்போன் பழுது பார்க்கிறேன். ஒருநாள் பெருமுக்கல்லிலிருந்து வந்த ஓர் அம்மா, “தொட்டா ஹேங் ஆயிக்கினே இருக்குதுப்பா” என்று போனை நீட்டினார். உள்ளே நூற்றுக்கணக்கில் ‘குட் மார்னிங்’ பூப்படங்கள். எனக்கு அந்தக் குப்பையைக் கண்டாலே எரிச்சல். கேட்காமலே எல்லாவற்றையும் அழித்தேன்.

போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தவரின் முகம் மாறியது. “வானூர்ல கட்டிக்குடுத்த என் தங்கச்சி அனுப்புனதுப்பா. நெலத் தகராறுல நாலு வருசமா பேச்சே இல்ல. காலையில பூ மட்டும் வரும். போன மாசம் அவ போய்ச் சேந்துட்டா.”

எவ்வளவு முயன்றும் என்னால் மீட்க முடியவில்லை.

“வுடுப்பா, தெரியாமதான பண்ண” என்று என் எண்ணை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை எனக்கு ஒரு ரோஜா வந்தது. பிறகு தினமும் வந்தது.

இப்போது இரண்டு வருடமாக வருவதில்லை. இடமில்லை என்று என் போன் தினமும் கத்துகிறது. ஒரு பூவைக்கூட நான் அழிக்கவில்லை.