குடலைப் பயிர்மேல் கொட்டிய கிறவல்

எனக்கு மூத்தவள் ராத்தாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்ததும், இருந்த ஒரே வயலை நிரப்பி வீடு கட்டுவதென்று வாப்பா முடிவெடுத்தார். எங்கள் ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதென்றால் வீடும் கொடுக்கவேண்டும். கல்முனைப் பக்கம் கடலுக்கும் வயலுக்கும் நடுவில் கிடப்பது ஒடுங்கிய மணல். அதை மகள்மாருக்குப் பங்குபோட்டு, அவர்களின் மகள்மாருக்கும் பங்குபோட்டு, கிணற்றடி வரைக்கும் சுவர் எழுப்பியாயிற்று. இனி வயலுக்குள் இறங்கவேண்டியதுதான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் உயர்தர வகுப்பில் பொருளியல் படித்துக்கொண்டிருந்தேன். நெல்லில் தன்னிறைவு பற்றி நாலு பக்கம் எழுதச் சொன்னால் எட்டுப் பக்கம் எழுதுகிற ஆள்.

மாவடிப்பள்ளிப் பக்கம் இருந்த அந்த வயலில் பயிர் குடலைக்கு வந்து, கதிர் வெளியே தலைகாட்டும் தறுவாயில் நின்றது.

"ரெண்டு மாசம் பொறுங்க வாப்பா. வெட்டி எடுத்துப்போட்டு நிரப்புவம்," என்றேன்.

வாப்பாவுக்கு முந்தி மாப்பிள்ளையின் உம்மா வாய் திறந்தார். "மாரிக்கு முந்தி ஊடு எழும்பணும் மகன். என்ட புள்ள என்ன, நெல்லுக்குள்ளயா பாய் போடுற?"

எல்லோரும் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார். பயிருக்கு விடிய எழும்பித் தண்ணீர் கட்டியவர் அவர்.

மூன்றாம் நாள் உழவு மெசின் இழுத்த பெட்டிகளில் கிறவல் மண் வந்தது. அறுத்து மாட்டுக்காவது போட ஒருவருக்கும் தோன்றவில்லை. நின்ற பயிர்மேலேயே கொட்டினார்கள். வாய்க்காலும் மூடுண்டது. கீழ்வயல்காரர் வாப்பாவிடம் ஓடிவந்தார்.

"காக்கா, என்ட வயலுக்குத் தண்ணி?"

"நீங்களும் நிரப்புங்களன். ரெண்டு கொமரு இரிக்கித்தானே ஒங்களுக்கு," என்றார் வாப்பா.

அவர் சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். கிறவல் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார்.

சுவர் எழும்பியபோது நிலத்துக்கடியில் பயிர் அழுகி நாறியது. உம்மா சாம்பிராணி போட்டார்.

கலியாணச் சோற்றுக்குக் கடையில் அரிசி வாங்கினோம். கொழும்புக்குக் கப்பலில் வந்த வெளிநாட்டு அரிசி. சோறு குவித்த ஒரே சஹன் தட்டைச் சுற்றி வாப்பா, நான், கீழ்வயல்காரர். தண்ணீரில்லாமல் காய்ந்த பயிரை அவர் மாடு விட்டு மேய்த்து முடித்திருந்தார்.

"சோறு நல்லா உதிரியா இரிக்கி காக்கா. நம்மட நெல்லு இப்பிடி வராது," என்றார்.

"ஓம்," என்று வாப்பா இறைச்சியை அவர் பக்கம் தள்ளினார்.

நான் பாதிச் சோற்றில் எழும்பிப்போய்க் கை கழுவினேன்.